கட்டாயப்படுத்தவும் வேண்டாம், நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம்

ஒரு தாயின் கேள்வி இது. 10 வயது மகன் ஓராண்டுக்கு முன் தானே அடம்பிடித்துக் கிரிக்கெட் பயிற்சியில் சேர்ந்தான். இப்போது சனிக்கிழமை விடிந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். 13 வயது மகள் குறுவட்டப் போட்டியில் 400 மீட்டரில் வென்று மாவட்ட அளவுக்குப் போனவள். இந்த ஆண்டு ஓட மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தினால்தான் ஒழுக்கம் வரும் என்கிறார் கணவர். பெண் பிள்ளைக்கு இனி எதற்கு ஓட்டம், பத்தாம் வகுப்பு வரப்போகிறதே என்கிறார் மாமியார். என்ன செய்வது?

உடற்கல்வி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன், இன்றும் மாலைகளில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளும் "மாட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இருவருடைய காரணமும் வேறு. காரணம் தெரியும் வரை கட்டாயப்படுத்தவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

மகனிலிருந்து தொடங்குவோம். இந்தச் சனிக்கிழமை நீங்களே போய் மைதானத்தின் ஓரத்தில் உட்காருங்கள். ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: பயிற்சி முடிவதற்குள் உங்கள் மகனின் கைக்கோ பேட்டுக்கோ பந்து எத்தனை முறை வந்தது?

பல பயிற்சி முகாம்களில் நடப்பது இதுதான். 30, 40 பிள்ளைகள், பேட்டிங் பழக வலை கட்டிய இரண்டு நெட், ஒரு பயிற்சியாளர். முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பிறகு வரிசையாக நின்று பந்தே இல்லாமல் பேட்டை வீசிப் பழகுதல். அதன்பின் நெட். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேட்டிங் கிடைத்தால் பெரிது. போட்டிக்குத் தேர்வாகும் நிலையில் இருக்கும் நான்கைந்து பேருக்கு அது பதினைந்து நிமிடமாக நீளும். மற்றவர்கள் நெட்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவார்கள். உங்கள் மகன் அந்த மற்றவர்களில் ஒருவனாக இருந்தால், அவன் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து போவது காத்திருப்பதற்காக. எந்தப் பத்து வயதுக்காரனுக்கும் அது வெறுத்துவிடும்.

அவனே மாலையில் தெருவில் ரப்பர் பந்து ஆடுகிறானா என்று பாருங்கள். ஆடினால், கிரிக்கெட் அவனுக்குச் சலிக்கவில்லை என்று உறுதியாக நம்பலாம்.

தெருவில் ஆடும் பிள்ளைகளைக் கவனித்தால் ஒரு பயிற்சியாளர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சா பூ த்ரி போட்டு அணி பிரிப்பார்கள். ஒரு பக்கம் வலுவாகிவிட்டது என்றால் பாதியிலேயே ஆளை மாற்றிக்கொள்வார்கள். ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் அவன் இரண்டு அணிக்கும் ஆடுவான். கூட வந்த ஐந்து வயதுத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் மெதுவாக உருட்டிப் போடுவார்கள். முதல் பந்து கணக்கில் வராது. எதிர்வீட்டுச் சுவர் தாண்டினால் அவுட். இவை எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்று: ஆட்டம் நடந்துகொண்டே இருக்க வேண்டும், யாரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருவன் போனால் ஆட்டம் கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் நடத்தும் பயிற்சியில் ஒருவன் போனால் அடுத்த மாதம் வேறொருவன் சேர்வான். அதனால் அங்கே போகிறவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் காணும் நிலைமை இது.

ஆஸ்திரேலியாவில் சிறுவர் கிரிக்கெட்டின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். தொடக்க நிலையில் அணிக்கு 7 பேர், ஆடுதளத்தின் நீளம் 16 மீட்டர், எல்லைக்கோடும் பக்கத்திலேயே. எல்லோருக்கும் பேட்டிங், எல்லோருக்கும் பந்துவீச்சு. பெரியவர்களின் ஆடுதளம் 20.12 மீட்டர். பத்து வயதுப் பையன் அந்தத் தூரத்துக்கு வீசினால் பந்து இரண்டு முறை குத்தும், அல்லது எட்டாத தூரத்தில் வைடாகப் போகும். பேட்டிங் செய்பவனுக்கு அடிக்கப் பந்து இல்லை, பீல்டிங்கில் நிற்பவனுக்கு வேலை இல்லை. நான்கு மீட்டரைக் குறைத்ததும் எல்லோருக்கும் ஆட்டம் கிடைத்துவிடுகிறது. ஜெர்மனியின் கால்பந்துச் சங்கமும் இதே வழிக்கு வந்தது. 2024-25 பருவத்திலிருந்து அங்கே மிகச் சிறியவர்கள் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று பேராக, நான்கு சிறு கோல்கள் வைத்து ஆடுகிறார்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது.

நம் ஊர் அகாடமியை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் பயிற்சியாளரிடம் பணிவாகக் கேட்கலாம்: "சார், வாரத்தில் ஒரு நாளாவது சின்ன மைதானத்தில் ஆறு பேர் ஆறு பேராக மேட்ச் ஆட விடுவீர்களா?" நல்ல பயிற்சியாளர் யோசிப்பார். "முதலில் அடிப்படை, மேட்ச் எல்லாம் அப்புறம்" என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டே இருப்பவரிடம் பத்து வயதுப் பிள்ளையை விட்டுவைப்பதில் பயனில்லை. கூட்டம் குறைவாக இருக்கும் வேறு இடம் பாருங்கள். சுவரில் தொங்கும் பெரிய வீரரின் படத்தைவிட, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு முக்கியம்.

வயிற்று வலிக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். பயம். ரப்பர் பந்திலிருந்து தோல் பந்துக்கு மாறும்போது பல பிள்ளைகள் உள்ளுக்குள் நடுங்குகிறார்கள். நெஞ்சிலோ விரலிலோ ஒரு முறை பட்டிருக்கும். சொன்னால் கோழை என்பார்கள் என்று சொல்ல மாட்டார்கள். "பந்து பட்டதா, வலித்ததா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஆமாம் என்றால், சில மாதங்கள் மென்மையான பந்துக்குத் திரும்புவதில் ஒரு குறையும் இல்லை. ஹெல்மெட்டும் பேடும் அவன் அளவுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து வாங்கிய பெரிய பேடைக் கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் ஓட முடியாது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியிலோ வேனிலோ குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னதும் பிள்ளை சுருங்கினால், தனியாகப் போகவே மாட்டேன் என்றால், அதை விளையாட்டுப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அன்றே நிறுத்துங்கள், பிள்ளையை நம்பிக் கேளுங்கள். தேவையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பயிற்சியாளர் பேசும் விதமும் பிள்ளையைத் தக்கவைக்கும், அல்லது விரட்டிவிடும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃப்ராங்க் ஸ்மோல் என்ற உளவியலாளர்களும் அவர்களது குழுவினரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்கு எளிய பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். நன்றாகச் செய்ததையும் முயன்றதையும் உடனே பாராட்டு, தவறினால் முதலில் தைரியம் சொல், பிறகு திருத்து, திட்டாதே, தண்டிக்காதே. அவ்வளவுதான். 1992இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயிற்சி பெறாதவர்களின் அணிகளில் அடுத்த பருவத்துக்குத் திரும்பாத பிள்ளைகள் 26 சதவீதம். பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கேட்ச் விட்டதற்காக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவதுதான் கண்டிப்பு என்று நம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளைக்கு ஓட்டத்தின் மீதும் வெறுப்பு வந்துவிடும். கேட்ச் பிடிக்கும் கையோ முன்பிருந்தபடியேதான் இருக்கும்.

இனி வீட்டுப் பக்கம். உங்கள் கணவர் அக்கறையோடுதான் பேசுகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சேர்ந்த பருவம் முடியும் வரை ஒழுங்காகப் போக வேண்டும் என்று அவர் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். காயம், பயம் போன்ற காரணங்கள் இல்லாதபோது "மார்ச் வரை போவோம், பிறகு நீ முடிவு செய்" என்பது நியாயமான ஒப்பந்தம். பிள்ளைக்கும் அது மரியாதை. ஆனால் மார்ச்சில் அவன் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். "இவ்வளவு பணம் கட்டி பேட் வாங்கினோமே" என்ற பேச்சு அப்போது எழக்கூடாது. பிள்ளை அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கவில்லை, நாம் ஆசையில் செலவழித்தோம்.

பயிற்சி முடிந்து ஸ்கூட்டரில் வரும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் பெரும்பாலான பிள்ளைகளின் மனத்தை முறிக்கிறது. "இன்றைக்கு எத்தனை ரன்? ஏன் அந்தப் பந்தைத் தொட்டாய்? அந்தப் பையன் உன்னைவிடச் சின்னவன், அவன் எப்படி ஆடுகிறான் பார்." பின் இருக்கையில் இருப்பவனுக்கு இறங்கிப் போகவும் வழியில்லை. ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்சைத் தொடங்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், வழியில் இளநீர் வாங்கிக் கொடுங்கள். அவனே பேசினால் காது கொடுங்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று "காலை முன்னால் வை!" என்று கத்துவதும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு குரலுக்குக் கீழ்ப்படிய எந்தப் பிள்ளையாலும் முடியாது.

பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுவர் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் விளையாட்டு எதனால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கேட்டு, 81 காரணங்களைத் தொகுத்து வரிசைப்படுத்தினார்கள். வெற்றிக்குக் கிடைத்தது 48ஆவது இடம். முழு முயற்சியோடு ஆடுவது, அணியில் ஒருவருக்கொருவர் நல்லபடி நடந்துகொள்வது, பயிற்சியாளர் நல்லவிதமாக நடத்துவது ஆகியவை முன்னால் இருந்தன. பிள்ளைகளுக்கு வெல்லப் பிடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. மைதானத்தில் இறங்கிவிட்டால் ஒவ்வொரு ரன்னுக்கும் சண்டை போடுவார்கள். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் அவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள், நாம்தான் இரவு உணவு வரை தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

இந்த விஷயத்தில் நார்வேயை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே சிறுவர் விளையாட்டுக்கென 1987இலேயே விதிகள் வகுத்தார்கள். 2007இல் பிள்ளைகளின் உரிமைகளையும் எழுத்தில் கொண்டுவந்தார்கள். 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. பரிசு கொடுத்தால் 12 வயது வரை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளையின் கருத்துக்கு இடமுண்டு. இப்படி வளர்த்தால் பிள்ளைகள் மென்மையாகிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் அதுவரை எந்த நாடும் வென்றதில்லை. பனியும் பணமும் ஊருக்கு ஊர் விளையாட்டுச் சங்கமும் அவர்களுக்கு இருப்பது உண்மை. ஆனாலும் பட்டியல் இல்லாமல் வளர்ந்ததால் அவர்கள் கெட்டுப்போகவில்லை என்பது தெளிவு. இங்கோ பத்து வயதுக்குட்பட்டோர் போட்டியிலேயே ஆட்ட நாயகன் கோப்பை, அதற்கொரு பேனர்.

மகளின் நிலைமைக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 13 வயதில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். திறமை குறைந்தவர்கள் மட்டும் போவதில்லை.

முதலில் உடம்பு. பெண்கள் பொதுவாக 11, 12 வயதில் வேகமாக உயர்கிறார்கள். சீக்கிரம் வளர்ந்தவள் அந்த வயதில் மற்றவர்களை எளிதில் முந்துவாள். ஓரிரு ஆண்டில் மற்றவர்களும் வளர்ந்து எட்டிப் பிடிப்பார்கள். அதே நேரத்தில் இவள் இடுப்பு அகன்று எடை கூடுகிறது, ஓட்டத்தின் தாளமே மாறுகிறது. சில மாதங்களோ ஓராண்டோ ஓட்ட நேரம் குறையாமல் நிற்பது இயல்பு. யாரும் இதை அவளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. கடிகாரத்தை மட்டும் காட்டுகிறார்கள். அவள் தன்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறாள். உட்கார வைத்து இதை விளக்குங்கள், பயிற்சியாளரையும் விளக்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் களைத்துப் போகிறாளா? ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் மகள் அந்த வயதை நெருங்குகிறாள். சோம்பல் என்று நாம் திட்டுவது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவு. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, தூக்கி எறிகிறாளா என்றும் கேளுங்கள். அளவு குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

அடுத்து, அவள் வாய்விட்டுச் சொல்லாதவை. மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? மாதவிடாய் நாளில் யாரிடம் சொல்ல வேண்டும்? அரைக்கால் சட்டையில் ஓடும்போது சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் யார்? இவற்றில் எது அவளை உறுத்துகிறது என்று நீங்கள்தான், தாயாக, கேட்க முடியும். விளையாடும்போது அணியும் உள்ளாடை ஒன்றை அவள் அளவுக்கு வாங்கிக் கொடுங்கள். பல வீடுகளில் அந்த ஒரு செலவுதான் பேசப்படாமலே போகிறது. முழு நீளக் கால்சட்டையில் ஓடுவது வசதி என்றால் அதிலேயே ஓடட்டும். மாதவிடாய் நாளில் ஓடுவதா ஓய்வா என்பதை அவளே முடிவு செய்யலாம். ஓடக்கூடாது என்ற கட்டாயம் இல்லை.

கூட ஓடிய தோழி விலகிவிட்டாளா என்றும் பாருங்கள். இந்த வயதுப் பெண்கள் பலர் தோழிக்காகவே மைதானத்துக்கு வருகிறார்கள். தனியாக 400 மீட்டர் பயிற்சி செய்வது கடினமான தனிமை. கடைசி நூறு மீட்டரில் கால் இரும்பாகும் பந்தயம் அது. ஓட்டத்தை வெறுத்தால் நீளம் தாண்டுதல் முயலட்டும். கபடி, கோ-கோ, த்ரோபால் என்று குழு ஆட்டத்துக்குப் போகட்டும். அந்த வேகம் கபடியிலும் கோ-கோவிலும் வீணாகாது. விளையாட்டை மாற்றினால் இதுவரை பெற்றது போய்விடும் என்ற அச்சம் பெற்றோருக்குத்தான் அதிகம்.

மாமியார் சொல்லும் பத்தாம் வகுப்புக் கவலையை ஒதுக்க முடியாது, நம் ஊரில் அது நிஜம். ஒன்பதாம் வகுப்போடு எல்லாவற்றையும் நிறுத்துவது பழக்கமாகிவிட்டது. உடற்கல்விப் பாடவேளையையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடமாவது நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேர்வு எழுதுகிறவர்களுக்கு அதில் விலக்கு இல்லை. வாரம் ஆறு நாள் பயிற்சியை இரண்டு மாலையாகக் குறையுங்கள், போட்டிகளை விடுங்கள், தொடர்பை மட்டும் அறுக்காதீர்கள். முழுதாக விட்டவர்கள் பதினொன்றாம் வகுப்பில் திரும்பி வருவது அரிது. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டுக்கு இடஒதுக்கீடு இருப்பதை மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மகளிடம் அதைச் சொல்ல வேண்டாம். சான்றிதழுக்காக ஓடு என்றால் ஓட்டம் இன்னொரு டியூஷனாகிவிடும்.

10 வயதில் விட்டால் எல்லாம் போயிற்று என்ற பயம் இருந்தால் இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். வருண் சக்கரவர்த்தி 17 வயது வரை விக்கெட் கீப்பராக ஆடிவிட்டுக் கிரிக்கெட்டையே விட்டார். கட்டடக்கலை படித்து வேலைக்கும் போனார். டென்னிஸ் பந்து ஆட்டத்தின் வழியாகத் திரும்பி வந்து, சுழற்பந்து வீச்சாளராகி, 2021இல் இந்திய அணிக்குள் நுழைந்தார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 9 விக்கெட் எடுத்தார். இந்திய அணிக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் ஏறக்குறைய 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். இவர்களைப் போல எல்லோரும் வருவார்கள் என்று சொல்லவில்லை, வர மாட்டார்கள். ஆனால் இருவரும் விரும்பி ஆடிய ஆட்டம் வழியாகத்தான் வந்தார்கள்.

ஆகவே இந்த வாரம் மகனின் பயிற்சியை நேரில் பாருங்கள், மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மகனுக்குக் கூட்டம் குறைந்த இடமோ மென்மையான பந்தோ போதுமானதாக இருக்கலாம். மகள் எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஓட்டம் வேண்டாம் என்றால், வேறு எந்த ஆட்டத்தை ஒரு மாதம் ஆடிப் பார்க்கலாம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்வது நீங்கள் கேள்விப்படாத ஆட்டமாக இருந்தாலும் கொண்டுபோய் விடுங்கள்.